கைமாற்று

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். மொத்தம் 38 குழந்தைகள். ஆசிரியர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். 38-ஐ இரண்டால் வகுத்தால் 19. பத்தொன்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் கேட்பது முப்பது பேருக்கு ஒருவர். அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதன் அட்டவணை. ஆக, இந்தப் பள்ளியில் பற்றாக்குறை என்பதே இல்லை. டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும்.

இப்போது இதே கணக்கை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் பக்கத்திலிருந்து போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம் என்று வையுங்கள். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து தரக்கூடியது பத்து மணி நேரம். ஐந்து வகுப்புகளுக்குப் பிரித்தால், வகுப்புக்கு இரண்டு மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் அந்தக் குழந்தையின் வகுப்பில் ஆசிரியர் இல்லை. அல்லது இருக்கிறார், ஆனால் அவர் கவனம் இன்னொரு வகுப்பின் மேல் இருக்கிறது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில், எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றும் நாளில், வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஆசிரியரை அனுப்பும் வாரங்களில், அந்த இரண்டு மணி நேரமும் ஒன்றாகச் சுருங்கும். இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது. ஆசிரியர்களை வேறு வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் அதே 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கும் விலக்குத் தருகிறது.

பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகள், ஏணிப்படி, பாயில் குழந்தைகளோடு குழந்தையாக உட்காரும் ஆசிரியர் என்று பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. ஆனால் அந்த முறைக்கும் பாயில் உட்கார நேரமிருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சராசரி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போனால் நள்ளிரவில் போன் வரும் என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷத்திலேயே புரிந்துவிடும். சராசரி பொய் சொல்லாது. ஆனால் யாரும் சராசரியில் வாழ்வதில்லை. பள்ளிக்கு நிதியும் ஆளும் போதவில்லை என்று பேசும்போது இடிந்த கூரை, உடைந்த கழிப்பறை எல்லாம் உடனே நினைவுக்கு வருகின்றன. மேலே சொன்ன அந்த மூன்று மணி நேரம் நினைவுக்கு வருவதில்லை. அதைப் படம் எடுக்க முடியாது.

அரசு ஒரு பள்ளிக்குத் தரவேண்டியதைத் தராதபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைத் தரலாமா? தந்தால் அது அறமா, இல்லை அரசு தன் கடமையிலிருந்து நழுவ நாமே திறந்துவிடும் பின்கதவா? இதுதான் என் கேள்வி.

*

ஆழ்வார்பேட்டையில் இந்தக் கேள்வியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நாரத கான சபா இருக்கும் டி.டி.கே. சாலையிலிருந்து சி.பி. ராமசாமி சாலைப் பக்கம் நடந்தால், ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்கவே தயங்கும் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவில், மயிலாப்பூர் தேனாம்பேட்டைப் பக்கங்களிலும், மாநகராட்சிப் பள்ளிகள். சென்னைத் தொடக்கப் பள்ளி, சென்னை நடுநிலைப் பள்ளி என்று ஊரின் பேரையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், வாட்ச்மேன்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், பிளாட்பாரத்தில் பூ விற்பவர்கள், கட்டுமான வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

இந்தப் பள்ளிகளுக்கு உதவ ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி ஓரளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கி, நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் தனிநபர்களையும் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர அழைத்தது. வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் போர்டு என்று நிறைய வந்திருக்கின்றன. இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கழிப்பறை இல்லாமல் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண் குழந்தைக்கு, அதை யார் கட்டினார்கள் என்ற ஆராய்ச்சி முக்கியமில்லை.

ஆனாலும் ஒரு விஷயம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு சனிக்கிழமை நாங்கள் முப்பது பேர் போய் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் சுவருக்கு வண்ணம் அடித்தோம். வகுப்பறை வரிசையை ரயில் பெட்டி போல மாற்றினோம். வேலை முடிந்ததும் தலைமையாசிரியை டீ கொடுத்தார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. பசங்களுக்குப் பிடிக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, யாரையும் குறை சொல்லாத குரலில், "இந்த ரயிலுக்கு ஒரு டிரைவர் கிடைச்சா நல்லாருக்கும். ஜூன்லேர்ந்து நாலாம் வகுப்புக்கு ஆள் இல்ல" என்றார்.

நன்கொடையாக ஒரு சுவரைத் தரலாம், நூறு நாற்காலி தரலாம். ஆசிரியர் பணியிடத்தைத் தர முடியாது. பணியிடம் அரசாணையில் பிறப்பது. அதற்கு ஒவ்வொரு வருஷமும் பணம் வேண்டும், முப்பது வருஷத்துக்கு வேண்டும், கடைசியில் ஓய்வூதியமும் வேண்டும். நன்கொடையாளரின் ஆர்வம் அவ்வளவு காலம் தாங்காது. தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு யோசனை வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பக்கத்துப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை வைத்தால் என்ன? பல ஊர்களில் இப்படி நடக்கிறது; பி.டி.ஏ. டீச்சர் என்பார்கள். வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு மாமா உடனே மறுத்தார்: "நாமளே போட்டுட்டா அவங்க ஏன் போடப் போறாங்க? காலி இடம் காலியாத் தெரிஞ்சாத்தான் சார் நிரப்புவாங்க." மூன்றாம் மாடி அக்கா ஒருவர் பதில் போட்டார்: "சரிங்க மாமா. அவங்க நிரப்புற வரைக்கும் அந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்?"

குழுவில் வழக்கமாக வரும் குட்மார்னிங் படங்கள் அன்றைக்கு வரவில்லை. ரெண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் சிக்கல்.

*

கொடுப்பதை எப்படி எடைபோடுவது? நம்மிடம் இருக்கும் தராசு கொடுப்பவரின் மனசைப் பார்ப்பது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, முகம் கோணாமல் கொடுக்க வேண்டும், விளம்பரம் கூடாது. இவையெல்லாம் கொடையாளியின் குணம் பற்றியவை. கொடுத்த பிறகு கொடை என்ன ஆனது என்று பார்க்க வேறு தராசு வேண்டும். அது நம் ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தர ஏற்பாடு செய்தார். ஆழ்வார்பேட்டையிலிருந்து பார்த்தால் கதீட்ரல் சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. வருகை கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய அன்றைய அரசு அனுமதி தரவில்லை; 1925-இல் நின்றது. பிறகு சில பள்ளிகளில் மீண்டும் தொடங்கியது. ஒரு நல்ல மனிதரின் முயற்சியாக இருக்கும்வரை, ஒரு தணிக்கைக் குறிப்பு போதும் அதை நிறுத்த.

1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும் அடித்தளம் கொடைதான். ஊரார் தந்த அரிசியும் காய்கறியும். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். மக்கள் நிலம் தந்தார்கள், கட்டடம் தந்தார்கள், மேசை நாற்காலியிலிருந்து பள்ளி மணி வரை தந்தார்கள். பிறகு உணவுச் செலவை அரசு ஏற்றது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில், பியூசிஎல் தொடர்ந்த வழக்கில், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரார் தந்த ஒரு படி அரிசி, ஐம்பது வருஷத்துக்குள், குழந்தை யாரிடமும் கெஞ்ச வேண்டாத உரிமையாக முதிர்ந்தது.

என் தராசு இதுதான். ஒரு கொடை எந்தத் திசையில் போகிறது? கொடை உரிமையாக மாறுகிறதா, உரிமை கொடையாக மாறுகிறதா? சாப்பாட்டு விஷயத்தில் தமிழ்நாடு முதல் திசையில் நடந்தது. ஆசிரியர் விஷயத்தில்?

*

2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பல வருஷங்கள் அவர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. பள்ளி விடுமுறை என்றால் வயிற்றுக்கும் விடுமுறை என்று கணக்கு. அவர்களைப் பணி நிரந்தரம் செய்வது 2021 தேர்தலில் திமுக தந்த வாக்குறுதிகளில் 181-ஆவது. 2023-இல் சம்பளம் 12,500 ஆகும் என்று அறிவிப்பு வந்தது. நிரந்தரம் அந்த அறிவிப்பில் இல்லை.

முழுநேரத்திலும் ஒரு கோடு இருக்கிறது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே பள்ளி, அதே பாடம், அதே கரும்பலகை. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் கேட்டு அவர்கள் 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்தார்கள்.

2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போடும் அளவுக்கு அது விவாதமானது. பிற்பாடு தொகையை உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய வருஷம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாலைநேரத்தில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு அந்தத் திட்டம் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தற்காலிக நியமனத்தில் அந்தத் தன்னார்வலர்களுக்கு முன்னுரிமை என்று வந்தபோது, அவசரத்துக்குச் செய்த ஒன்று ஏற்பாடாக மாறுவதைப் பார்த்தோம்.

இந்தத் தொகைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்தீர்களா? சம்பளம் என்று சொல்வதில்லை. தொகுப்பூதியம், மதிப்பூதியம். மதிப்பூதியம் என்ற சொல்லுக்குள் 'நீங்கள் செய்வது சேவை' என்ற புகழ்ச்சியும், 'அதனால் அதிகம் கேட்காதீர்கள்' என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. கொடையின் மொழியை அரசு தன் ஊழியரிடம் பேசுகிறது. வாங்குபவர் ஆசிரியர், ஆனால் உண்மையில் கொடுப்பவரும் அவர்தான். தன் உழைப்பின் பெரும்பகுதியை அவர் அரசுக்கு இனாமாகத் தருகிறார்.

குழந்தைக்கு இதில் என்ன நஷ்டம்? தற்காலிக ஆசிரியர் மோசமாகப் பாடம் நடத்துவார் என்றில்லை. பலர் உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள். ஆனால் பணியிடம் என்பது ஒரு வாக்கு. அடுத்த ஜூனிலும் இங்கே ஒருவர் இருப்பார் என்ற வாக்கு. அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே தங்கைக்கும் சொல்லிக்கொடுப்பார், அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள் குழந்தையின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். இதெல்லாம் வருஷங்களால் ஆவது. பதினோரு மாத ஆணையால் ஆகாது.

*

மாநில அரசை மட்டும் திட்டி முடித்துவிடலாமா? முடியாது. பள்ளிக் கல்விக்குத் தமிழ்நாட்டு பட்ஜெட் 2024-25-இல் 44,042 கோடியும் 2025-26-இல் 46,767 கோடியும் ஒதுக்கியது. கை விரித்த அரசின் எண்கள் இல்லை இவை.

இதே காலத்தில் ஒன்றிய அரசு என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. சுமார் 44 லட்சம் மாணவர்களும், 2.2 லட்சம் ஆசிரியர்களும், 32 ஆயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்களும் பாதிக்கப்படுவதாக மனுவில் சொன்னது. கொள்கை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். கோத்தாரி குழு 1966-இல் கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கேட்டது; 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே 6-ஐத் திரும்பச் சொல்கிறது. பணம் தருவதாகச் சொல்லும் ஆவணத்தில் கையெழுத்துப் போடாததற்காகப் பணத்தை நிறுத்துகிறார்கள்.

என் ஃபார்ம் 16-இல் 'சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்' என்று ஒரு வரி இருக்கும். வருமான வரியின் மேல் 4 விழுக்காடு. மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கப்பட்ட வரிதான். 2004-இல் 2 விழுக்காடாகத் தொடங்கி 2018-இல் 4 ஆனது. அரசியலமைப்பின் 270-ஆவது கூறுப்படி செஸ் பணத்தை மாநிலங்களோடு பங்குபோட வேண்டியதில்லை. கல்வி என்று பெயர் சொல்லி ஆழ்வார்பேட்டையில் பிடித்த பணம், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வர ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. உரிமை கொடையாவது என்றால் இதுதான்: பங்கு, சலுகையாகிறது, சலுகைக்கு நிபந்தனை முளைக்கிறது.

இந்த இடத்தில் மாநிலத்திடமும் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. 'எங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை' என்று தில்லியிடம் வாதாடும் அரசு, டி.பி.ஐ. வாசலில் உட்கார்ந்திருக்கும் பகுதிநேர ஆசிரியர் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது நிதிநிலையைக் காட்டுகிறது. தனக்கு மேலே இருப்பவரிடம் உரிமை பேசுவது எளிது. கீழே இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொள்வதில்தான் அந்தக் கொள்கை உண்மையா என்று தெரியும்.

*

இனி நம் பக்கம்.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆவார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஆளில்லாத உபரிப் பணியிடத்தைச் சரண் செய்து இயக்குநரின் பொதுத் தொகுப்பில் சேர்ப்பார்கள். ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. அதனால் பணியிடம் போகிறது. பணியிடம் போனதால் இன்னும் நாலு பிள்ளைகள் போகிறார்கள். எங்கள் தொழிலில் இப்படி ஒரு சுழலைப் பார்த்தால் உடனே எங்கே உடைப்பது என்று தேடுவோம்.

நகரத்தின் நடுவில் இந்தச் சுழலுக்கு வேறொரு காற்றும் உண்டு. 2000-க்குப் பிறகு நடுச்சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், பின் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். 2022-இல் பக்கத்து ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தபோது அது பொதுத் தேர்வுக் காலம். குடும்பங்கள் போன பிறகு இங்கே இருக்கும் பள்ளியில் எண்ணிக்கை குறையாமல் எப்படி இருக்கும்? 'மாநகராட்சிப் பள்ளிக்கு யாரும் வர்றதில்ல சார்' என்று சொல்வதற்கு முன், வரக்கூடியவர்களை எங்கே அனுப்பினோம் என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் போனவர்கள் எல்லோரும் விரட்டப்பட்டவர்களும் இல்லை. நாம் இருக்கிறோம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் எழுதிய 'வெளியேற்றம், குரல், விசுவாசம்' என்ற புத்தகத்தில் பொதுப் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்கிறார். தரம் குறையும்போது முதலில் வெளியேறுபவர்கள், தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்கள். அவர்கள் உள்ளே இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். அவர்கள் போனதும் பள்ளி சில மாணவர்களோடு சேர்த்துத் தன் சத்தத்தையும் இழக்கிறது.

என் மகள் தனியார் பள்ளியில் படிக்கிறாள். இதை வாக்குமூலமாகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் சேர வேண்டிய ஓர் எண்ணாகச் சொல்கிறேன். 2011-இல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆர். ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது நாடே வியந்தது. அந்த வியப்புதான் யோசிக்க வேண்டியது. அரசு நடத்தும் பள்ளியில் அரசு அதிகாரியின் குழந்தை சேர்வது செய்தியாகும் இடத்துக்கு எப்படி வந்தோம்? 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது பேசப்பட்ட அளவுக்குச் செயலாகவில்லை.

எல்லோரும் நாளைக்கே பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. குழந்தையைக் கொள்கைக்குப் பலியாக்குவதாக அது சிலருக்குப் படும்; அந்தத் தயக்கம் வெறும் சாக்கு இல்லை. ஆனால் வெளியேறினால் குரலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சென்னையில் சொத்து வரி கட்டுபவர்கள் அதன் ஒரு பகுதியாகக் கல்வி வரியும் கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை வழியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பள்ளி மாநகராட்சியுடையது, மாநகராட்சி நம்முடையது. சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகும்போது நாம் விருந்தாளிகள் போல நடந்துகொள்கிறோம். நாம் அங்கே பாதிச் சொந்தக்காரர்கள்.

*

இப்போது வாட்ஸாப் கேள்விக்கு வரலாம். ஆசிரியரை நாமே வைக்கலாமா?

தத்துவஞானி காண்ட் 1797-இல் 'ஒழுக்கத்தின் மீபொருளியல்' நூலில் சங்கடமான ஒரு கேள்வி கேட்டார். சிலருக்குக் கொடுக்க முடிகிறது, சிலர் வாங்க வேண்டியிருக்கிறது என்ற நிலையே அரசின் அநீதியால் விளைந்ததாக இருந்தால், பணக்காரர் செய்யும் உதவியை உபகாரம் என்று அழைக்கலாமா? பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சிலர் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள். அது காண்ட்டுக்கும் நல்லதில்லை, நாலாம் வகுப்புக்கும் நல்லதில்லை.

நம் தெருக்களில் தானத்துக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. கைமாற்று. "கைமாத்தா ஒரு ஐந்நூறு குடுங்கம்மா, ஒண்ணாம் தேதி தந்துடறேன்." பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. காலண்டர் ஓரத்தில் பெயரும் தொகையும் எழுதியிருக்கும். தானம் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் அசிங்கம். கைமாற்று கொடுத்துவிட்டுக் கேட்காமல் இருந்தால் அசட்டுத்தனம். வாங்கியவருக்கும் அதில் இழுக்கு இல்லை, ஏனென்றால் அவர் பிச்சை வாங்கவில்லை.

அரசுக்கு நாம் ஆசிரியரைக் கைமாற்றாகத் தரலாம் என்பது என் பதில். அக்கா சொன்னதுபோல் குழந்தை காத்திருக்க வேண்டாம். மாமா சொன்னதுபோல் காலியிடம் மறையவும் வேண்டாம்.

கைமாற்றுக்கு ஒழுங்கு உண்டு. முதலில், எழுதி வைக்க வேண்டும். இந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் விவரம் இது. அடுத்து, மாதாமாதம் கேட்க வேண்டும். 'இந்த மாதமும் உங்கள் ஆசிரியரின் சம்பளத்தை நாங்கள் கொடுத்திருக்கிறோம்' என்று மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு கடிதம். பகுதி சபையில் அதையே வாய்விட்டு ஒரு கேள்வி. நன்கொடைக் கடிதத்துக்கு நன்றி என்று பதில் வந்துவிடும். கடன் கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுத முடியாது. மூன்றாவது, சம்பளம். நாம் வைக்கும் ஆசிரியருக்கு எட்டாயிரம் கொடுத்துவிட்டு அரசின் மதிப்பூதியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதக் கூடாது. நிரந்தர ஆசிரியர் வாங்குவதற்குப் பக்கத்திலாவது வர வேண்டும், மே மாதமும் சேர்த்து. அது நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், ஓர் ஆசிரியரின் உண்மையான விலை என்ன என்று நமக்கும் தெரிந்துவிடும். கடைசியாக, பெயர்ப் பலகை வேண்டாம். கைமாற்று கொடுத்தவர் அதைக் கல்வெட்டில் பொறிப்பதில்லை.

அரசு திருப்பித் தராமலே போனால்? போகலாம். கைமாற்றுகள் எல்லாம் திரும்பி வருவதில்லை என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் வராத கைமாற்றும் கடன்தான். கணக்கில் நிற்கும், கேட்க வழி இருக்கும். தானம் கொடுத்த அன்றைக்கே முடிந்துவிடுகிறது. எட்டயபுரத்தில் தொடங்கியது உரிமையாக முதிர்ந்தது, யாரோ ஒருவர் இது இத்தோடு முடியக் கூடாது என்று ஒவ்வொரு பத்தாண்டிலும் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான்.

இதில் அந்த நாலாம் வகுப்புக் குழந்தைக்கு எந்த வேலையும் இல்லை. அவளை வரிசையில் நிற்க வைத்து 'தேங்க் யூ அங்கிள்' சொல்ல வைக்கக் கூடாது. காலையில் மணி அடித்தால் வகுப்பில் ஆசிரியர் இருப்பார் என்பது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதுபோல அவளுக்குச் சாதாரணமாகத் தோன்ற வேண்டும். அடுத்த பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1. அதற்குள் முதல் கடிதத்தை எழுதிவிடலாம்.